மூன்று மேஜை, ஒரே கோப்பு

கேள்வி: கோவையில் சிறிய மின்னணு நிறுவனம் நடத்துகிறேன். மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்து, பம்ப் மோட்டாரைத் தானாக ஓட்டி நிறுத்தும் கருவி எங்கள் தயாரிப்பு. ஒரு உள்ளாட்சி அமைப்புக்கு 420 கருவிகள், ஒன்று 14,000 ரூபாய் வீதம், 58.8 லட்சத்துக்குக் கொடுத்தோம். சிப் வந்து சேராததால் 180 கருவிகள் ஆறு வாரம் தாமதம். விளக்கம் கேட்டு ஷோ காஸ் நோட்டீஸ் வந்தது; பதில் கொடுத்தோம்; பில்லில் அபராதம் பிடித்தார்கள். மீதி 38 லட்சம் எட்டு மாதமாக நிற்கிறது. எங்களை பிளாக்லிஸ்ட் செய்துவிட்டதாகப் போட்டியாளர் ஒருவர் பேசிவருகிறார். இந்த நேரத்தில் ஒரு முதலீட்டு நிதி 4 கோடி போட முன்வந்திருக்கிறது. அதில் ஹாங்காங் பணமும் உண்டு என்கிறார்கள். நோட்டீஸ் விஷயத்தை அவர்களிடம் சொல்லாமல் விடலாமா? எங்கள் கருவிக்குள் இருக்கும் மோடம் சீனத் தயாரிப்பு. அதனால் அடுத்த டெண்டர் போய்விடுமா? பாக்கிக்குப் புகார் கொடுத்தால் அலுவலகத்தில் பகைதானே மிஞ்சும்? பில்லை நகர்த்தித் தர ஒருவர் 5 சதவீதம் கேட்கிறார், கொடுக்கலாமா?

பதில்: சொல்லாமல் விடாதீர்கள். நேர்மை ஒரு காரணம் என்றால், மறைக்கவே முடியாது என்பது இன்னொரு காரணம். அரசு அமைப்பு உங்களுக்குப் பணம் தரும்போது அதிலிருந்தே வருமான வரியை (டி.டி.எஸ்.) பிடிப்பது உண்டு. ஒப்பந்தம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி.யிலும் 2 சதவீதம் பிடிக்கிறது. இரண்டும் உங்கள் கணக்கில் பதிவாகும். பில் தொகை, வங்கியில் வந்த தொகை, டி.டி.எஸ். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அபராதம் பிடித்தது தெரிந்துவிடும். முதலீட்டாளரின் ஆடிட்டர் முதல் வாரத்திலேயே அதைத்தான் செய்வார். வரவேண்டிய பாக்கிகளின் பட்டியலில் எட்டு மாதமாக உட்கார்ந்திருக்கும் 38 லட்சத்தைப் பார்த்து, “ஏன்?” என்று கேட்கவும் செய்வார்.

பங்குதாரர் ஒப்பந்தத்தில் நிறுவனர் தரும் உறுதிமொழிகள் பல பக்கம் இருக்கும்: வழக்கு இல்லை, நிலுவை நோட்டீஸ் இல்லை, ஒப்பந்த மீறல் இல்லை, இப்படி. அவற்றுக்கு விலக்காக நீங்கள் தருவதுதான் டிஸ்க்ளோஷர் லெட்டர். அதில் தெளிவாகச் சொன்ன விஷயத்துக்காகப் பின்னால் உங்களிடம் நஷ்டஈடு கேட்பது பொதுவாக முடியாது. சொல்லாமல் விட்டது பிற்பாடு வெளியே வந்தால் ஈடு கட்டும் பொறுப்பு பல ஒப்பந்தங்களில் நிறுவனரின் சொந்தக் கழுத்துக்கே வரும். “சில ஆர்டர்களில் சிறு தாமதம் ஏற்பட்டது” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது எதையும் சொல்லாததற்குச் சமம். ஆர்டர் எண், தேதி, எத்தனை கருவி, எத்தனை நாள், என்ன காரணம், நோட்டீஸ் தேதி, பதில் தேதி, பிடித்த தொகை, இன்றைய நிலை எல்லாம் எழுதி நகல்களை இணையுங்கள். கடைசியில், இனி அது நடக்காமலிருக்க என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி: அந்தச் சிப்புக்கு இரண்டாவது சப்ளையர், கையிருப்பில் எத்தனை வார ஸ்டாக். முதலீட்டாளர் அதிக நேரம் நின்று படிப்பது அந்த இரண்டு வரியைத்தான். ஆறு வாரத் தாமதத்தால் முறிகிற முதலீடு குறைவு. கேட்டபோது ஒன்று சொல்லி, கோப்பில் வேறொன்று இருந்ததால் முறிந்தவை அதிகம்.

அபராதத் தொகையையும் ஒருமுறை சரிபாருங்கள். வாரத்துக்கு அரை சதவீதம், உச்ச வரம்பு 10 சதவீதம் என்பது பரவலான ஷரத்து. 58.8 லட்சத்துக்கு ஆறு வாரம் போட்டால் 3 சதவீதம், அதாவது 1,76,400 ரூபாய். உங்கள் ஒப்பந்தத்தில் “தாமதமான சரக்கின் மதிப்பில்” என்று இருந்தால் 180 கருவிகளின் 25.2 லட்சத்துக்கு மட்டுமே கணக்கு: 75,600 ரூபாய். மொத்த ஆர்டருக்கும் சேர்த்துப் பிடித்துவிடுவது அடிக்கடி நடக்கிற பிழை. ஒரு லட்சம் திரும்ப வரும் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் கோப்பில் “1.76 லட்சம் அபராதம்” என்று நின்றுவிட்டால் அடுத்துப் படிப்பவர் 420 கருவிகளும் தாமதம் என்றே நினைப்பார்.

இனி பிளாக்லிஸ்ட் பேச்சு. ஷோ காஸ் நோட்டீஸ் என்பது கேள்வி. அபராதம் என்பது ஒப்பந்தத்துக்குள்ளேயே முடிகிற கணக்கு. பிளாக்லிஸ்ட் என்கிற தடை உத்தரவு வேறு. அது தனியாக, எழுத்தில், காரணத்தோடு வரவேண்டும். எருஷியன் எக்யூப்மென்ட் வழக்கில் (1975) உச்ச நீதிமன்றம், கருப்புப் பட்டியலில் சேர்க்கும் முன் அந்த நிறுவனத்தின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்றது. கோர்க்கா செக்யூரிட்டி வழக்கில் (2014) ஒரு படி மேலே போய், தடை விதிக்கும் எண்ணம் இருப்பது நோட்டீஸிலேயே தெரியவேண்டும் என்றது. குல்ஜா இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் (2013) காலவரையற்ற தடை கூடாது, தவறின் அளவுக்குத் தக்கதாக இருக்கவேண்டும் என்றது. மத்திய அரசுத் துறைகளுக்கு 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 151-ஆவது விதி, கொள்முதல் செய்யும் அலுவலகம் விதிக்கும் தடைக்கு இரண்டு ஆண்டு வரம்பு வைக்கிறது. உங்கள் உள்ளாட்சி அமைப்புக்கு அந்த விதி பொருந்தாது. அது 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் வருவது. ஆனால் மேலே சொன்ன தீர்ப்புகள் எல்லா அரசு அமைப்புக்கும் பொருந்தும்.

வதந்திக்கு மறுப்புக் கடிதம் எழுதி நாலு பேருக்கு அனுப்பினால், கேள்விப்படாதவரும் கேள்விப்படுவார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) ஒரு மனு போடுங்கள், 10 ரூபாய்தான். அந்தச் சட்டத்தில் தகவல் கேட்கும் உரிமை குடிமகனுக்கு உண்டு, கம்பெனிக்கு இல்லை. ஆகவே லெட்டர்ஹெட்டில் எழுதாமல் ஓர் இயக்குநர் தன் சொந்தப் பெயரில் போடவேண்டும். “ஏன் பணம் தரவில்லை?” என்று காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று தட்டிக்கழிக்கலாம். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்: இந்த நிறுவனத்தின் மீது தடை உத்தரவு ஏதும் பிறப்பிக்கப்பட்டுள்ளதா, ஆம் எனில் நகல், இந்த எண்ணுள்ள ஷோ காஸ் நோட்டீஸின் மேல் எடுத்த முடிவின் நகல், இந்த எண்ணுள்ள பில் இன்று எந்த மேஜையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது. 30 நாளில் பதில் வரவேண்டும். “தடை உத்தரவு ஏதும் இல்லை” என்று முத்திரையோடு வரும் ஒரு வரி, முதலீட்டாளருக்கும் வங்கிக்கும் அடுத்த டெண்டருக்கும் ஒரே நேரத்தில் உதவும்.

அடுத்த டெண்டரில் கேட்கும் உறுதிமொழிப் பத்திரத்தை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். “கடந்த மூன்று ஆண்டுகளில் தடை செய்யப்படவில்லை” என்று இருந்தால் நீங்கள் தாராளமாகக் கையெழுத்திடலாம். “தடையோ, ஒப்பந்த ரத்தோ, அபராதமோ இல்லை” என்று இருந்தால் முடியாது. அங்கே அபராத விவரத்தை இணைத்து, ஆர்டர் முழுமையாக நிறைவேற்றப்பட்டதற்கான சான்றையும் சேர்த்து வையுங்கள். அபராதம் இரண்டு சதவீதமோ மூன்று சதவீதமோ, அதனால் மட்டும் பொதுவாகத் தகுதி போகாது. பொய் உறுதிமொழி என்றால் வைப்புத்தொகையும் போகும், அதுவரை இல்லாத தடை உத்தரவும் வந்து சேரும்.

ஹாங்காங் பணம்தான் உங்கள் கடிதத்திலேயே அதிக எச்சரிக்கை தேவைப்படும் இடம். நீங்கள் அதை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். 2020 ஏப்ரல் 17 தேதியிட்ட மத்திய அரசின் மூன்றாம் எண் பத்திரிகைக் குறிப்பு (பிரஸ் நோட் 3), இந்தியாவுடன் நில எல்லை பகிரும் நாட்டைச் சேர்ந்தவரோ, அப்படிப்பட்டவர் இறுதிப் பயனாளியாக இருக்கும் நிறுவனமோ இங்கே பங்கு வாங்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்றது. ஹாங்காங்கும் நடைமுறையில் சீனக் கணக்கில்தான் வருகிறது. பணம் சிங்கப்பூர் வழியாக வந்தாலும் மொரிஷியஸ் வழியாக வந்தாலும் கேள்வி ஒன்றுதான்: கடைசியில் யாருடைய பணம்? அதே ஆண்டு ஜூலை 23 அன்று நிதி அமைச்சகம் இன்னொரு ஆணை போட்டது. நில எல்லை நாட்டுத் தொடர்புள்ள நிறுவனங்கள் தனியே பதிவு பெறாமல் அரசு டெண்டரில் கலந்துகொள்ள முடியாது. அங்கே நிறுவனங்களுக்கு இறுதிப் பயனாளி என்பதன் அளவுகோல் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு, அல்லது வேறு வழியில் கட்டுப்பாடு. மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று அரசியலமைப்பின் 257(1) பிரிவின் கீழ் உத்தரவு போயிற்று.

ஆகவே முதலீட்டுக்கு ஒரு சல்லடை, டெண்டருக்கு இன்னொரு சல்லடை. ஒன்றில் தேறுகிறவர் மற்றதில் தேறுவார் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். 15 சதவீதம் பங்குதானே என்று விட்டுவிட்டு, அதோடு முக்கிய முடிவுகளைத் தீர்மானிக்கும் உரிமையும் கொடுத்தால் அது கட்டுப்பாடாகிவிடும். இந்த ஆணைகள் திருத்தப்பட்டுக்கொண்டே வருகின்றன. முதலீட்டுக்குக் கையெழுத்திடும் நாளில் அமலில் இருப்பதைக் கம்பெனி செக்ரட்டரி மூலம் எழுத்தில் வாங்குங்கள்; டெண்டருக்கு, ஆவணத்தோடு இணைத்திருக்கும் ஆணை நகலைப் படியுங்கள்.

நிதியிடம் கேட்கவேண்டியவை இவை. நீங்கள் பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபியில் பதிவு பெற்ற இந்திய மாற்று முதலீட்டு நிதியா, வெளிநாட்டு நிதியா? இந்திய நிதி என்றால் அதன் மேலாளரும் ஸ்பான்சரும் இந்தியர் உடைமையில், இந்தியர் கட்டுப்பாட்டில் இருக்கிறார்களா? அப்படி இருந்தால், நிதிக்குள் வெளிநாட்டார் பணம் கலந்திருந்தாலும் அந்த நிதி உங்களிடம் போடுவது வெளிநாட்டு முதலீடாகக் கொள்ளப்படாது. பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே தீரும். வெளிநாட்டு நிதி என்றால், பெயருள்ள மனிதர் வரைக்கும் இறங்கிப் போகும் பயனாளி விவரத்தைக் கையெழுத்தோடு வாங்குங்கள். பங்குதாரர் ஒப்பந்தத்தில், அந்த நிதி தன் பங்கைப் பிற்பாடு நில எல்லை நாட்டுப் பயனாளிக்கு விற்கக்கூடாது என்ற ஷரத்தும் வேண்டும். இதைப் பலர் மறக்கிறார்கள். இன்று சுத்தமாக வந்த பங்கு மூன்று வருடம் கழித்துக் கை மாறினால், டெண்டரில் போய் நிற்கவேண்டியவர் நீங்கள்.

மோடம் விஷயத்தில் பயம் தேவைக்கு மேல். அதே 2020 ஜூலை டெண்டர் ஆணைக்கு வந்த விளக்கங்களின்படி, மூலப்பொருளையும் உதிரிப் பாகத்தையும் துணை அமைப்புகளையும் அந்த நாடுகளிலிருந்து வாங்கலாம். முழுமையான பொருளை அங்கே வாங்கி உங்கள் ஸ்டிக்கரை ஒட்டினால்தான் அது துணை ஒப்பந்தமாகக் கருதப்படும். வடிவமைப்பையோ மென்பொருளையோ அங்கிருந்து உரிமத்தில் வாங்கியிருந்தால் 2023-இல் சேர்த்த தொழில்நுட்பப் பரிமாற்ற ஷரத்தைப் பார்க்கவேண்டும். சொந்த வடிவமைப்பு, சொந்த ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஓடும் மென்பொருள்), வாங்கிய மோடம் என்றால் கவலை வேண்டாம்.

மத்திய அரசு, பொதுத்துறை டெண்டர்களில் உண்மையான சிக்கல் உள்நாட்டு மதிப்புக் கணக்கில் வரும். ‘மேக் இன் இந்தியா’ கொள்முதல் ஆணையின்படி உள்நாட்டு மதிப்பு 50 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் முதல் வகை. 20 முதல் 50-க்குள் இரண்டாம் வகை. கொள்முதல் முன்னுரிமை முதல் வகைக்கு மட்டும். உங்கள் 14,000 ரூபாய்க் கருவியில் இறக்குமதிப் பாகங்கள் 5,200 ரூபாய் என்றால் உள்நாட்டு மதிப்பு 62.9 சதவீதம். பாகங்கள் பொருத்திய போர்டையே 7,600-க்கு இறக்குமதி செய்தால் 45.7 சதவீதம், இரண்டாம் வகைக்கு இறங்கிவிடுவீர்கள். சென்னை ரிச்சி தெருவில் ரூபாயில் பில் போட்டு வாங்கினால் உள்நாட்டுப் பொருள் ஆகிவிடாது. இறக்குமதிச் சரக்கை இங்கே உள்ள விநியோகஸ்தரிடம் வாங்கினாலும் இறக்குமதிதான். போக்குவரத்து, காப்பீடு, நிறுவும் கூலி, விற்பனைக்குப் பிந்தைய சேவை ஆகியவற்றையும் உள்நாட்டு மதிப்பில் சேர்க்க முடியாது. கணக்குத் தப்பாகச் சான்றளித்தால் இரண்டு ஆண்டு வரை தடை வரலாம். ஒவ்வொரு பாகத்துக்கும் பில்லோடு ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் அனுமதிப்பது ஒரு பக்கம். பொறியாளர் நம்புவது இன்னொரு பக்கம். இங்கே சீனத் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான ஹுவாவேயின் கதை பயன்படும். பிரிட்டனில் அந்த நிறுவனத்தின் கருவிகளைச் சோதிக்கவென்றே 2010-இல் பான்பரி நகரில் ஒரு மையம் திறந்தார்கள். அதன் மேற்பார்வைக் குழு 2018-லும் 2019-லும் கொடுத்த அறிக்கைகளில் குறைந்த அளவு உறுதிதான் தரமுடியும் என்றது. ஒரு முக்கியக் காரணம் மிகச் சாதாரணமானது: பரிசோதிக்கக் கொடுத்த மூல நிரல்தான் கருவிக்குள் ஓடுகிறது என்று காட்ட முடியவில்லை. அதே நிரலை மறுபடி கம்பைல் செய்தால் (கருவி ஓட்டும் கோப்பாக மாற்றினால்) அதே கோப்பு வரவில்லை. 2020 ஜூலையில், அமெரிக்கத் தடைகளுக்குப் பிறகு, 2027 முடிவதற்குள் அந்தக் கருவிகளை 5ஜி வலைப்பின்னலிலிருந்து அகற்றவேண்டும் என்று பிரிட்டன் முடிவெடுத்தது.

உங்கள் அளவில் இதைச் செய்வது கடினமில்லை. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கம்பைலர் பதிப்பு, நூலகங்களின் பட்டியல், ஃபர்ம்வேர் கோப்பின் ஹாஷ் (கோப்பின் கைரேகை போன்ற எண்) மூன்றையும் பதிந்து வையுங்கள். வேறொரு கணினியில் கம்பைல் செய்து அதே ஹாஷ் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பெரும்பாலும் கம்பைல் நேரமோ ஃபோல்டர் பாதையோ கோப்புக்குள் ஏறியிருக்கும். கையொப்பமில்லாத ஃபர்ம்வேரைக் கருவி ஏற்கக்கூடாது. மோடத்தின் சொந்த ஃபர்ம்வேர் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்துங்கள். சிம்மைத் தனி ஏ.பி.என்.னில் (மொபைல் வலைப்பின்னலில் தனி வாசல்) போட்டு, உங்கள் சர்வரைத் தவிர வேறெங்கும் பேச முடியாதபடி கட்டுங்கள். சர்வர் பதிவுகளை 180 நாள் இந்தியாவில் வைத்திருப்பதும், சைபர் சம்பவம் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிப்பதும் 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு. முதலீட்டாளரின் தொழில்நுட்ப ஆலோசகர் கேட்பதும், டெண்டர் கமிட்டி கேட்பதும் இதே தாள்கள்தாம்.

இத்தனையும் செய்துவிட்டு ஒருவரை மறந்துவிடுவார்கள்: பம்ப் ஆபரேட்டர். நெட்வொர்க் போனதும் தொட்டி நிரம்பி வழிந்தாலோ, போர்வெல் வற்றி மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடினாலோ (டிரை ரன்), அவர் ஒரு துண்டு ஒயரில் உங்கள் கருவியை பைபாஸ் செய்துவிடுவார். ஆறு மாதம் கழித்து உதவிப் பொறியாளர் “அது வேலை செய்யல சார்” என்று ஒரு வரி எழுதுவார். தடை உத்தரவை எதிர்த்து வழக்காடலாம், இந்த வரியை எதிர்த்து எங்கே போவது? தொட்டியில் தனி மிதவை சுவிட்ச், பேனலில் டிரை ரன் பாதுகாப்பு, சிக்னல் இல்லாவிட்டாலும் இரண்டும் வேலை செய்யும் வயரிங், பெயர் எழுதிய மேனுவல் சுவிட்ச் ஆகியவை கட்டாயம்.

பாக்கிக்கு வருவோம். நீங்கள் குறு அல்லது சிறு நிறுவனமாக உத்யம் பதிவு வைத்திருந்தால் 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டம் துணை. ஆர்டருக்கு முன்பே அந்தப் பதிவு இருந்ததா என்று பாருங்கள். பின்னால் பதிந்ததை வைத்துப் பழைய பில்லுக்குப் பயன் கேட்டால் வழக்கு நீளும். சரக்கை ஏற்ற நாளிலிருந்து, ஒப்பந்தம் என்ன சொன்னாலும், 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். சரக்கு வந்து 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றதாகவே பொருள். டெலிவரி சலானில் தேதியோடு கூடிய முத்திரைதான் இதற்கு உயிர். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. வங்கி வீதம் 5.5 சதவீதம் என்று வைத்தால் 16.5, 38 லட்சத்துக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் ஏறத்தாழ 3.24 லட்சம் ஆகிறது. ஆர்டரில் சப்ளையும் நிறுவும் வேலையும் ஒரே தொகையாக இருந்தால், இது ‘ஒர்க்ஸ் கான்ட்ராக்ட்’ (பணி ஒப்பந்தம்), இந்தச் சட்டம் பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதை ஏற்ற தீர்ப்புகளும் உண்டு. இனிமேல் இரண்டுக்கும் தனித்தனி விலை கேளுங்கள்.

பகை வருமா? எடுத்த எடுப்பில் எம்.எஸ்.எம்.இ. பாக்கிகளுக்கான அரசு இணையதளத்தில் புகார் போட்டால் வரும். படியேறிப் போங்கள். முதலில் ஆர்.டி.ஐ. பதிலை வைத்து பில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பல நேரம் அளவைப் புத்தகத்தில் ஒரு கையெழுத்தோ, நிதி ஒதுக்கீட்டு ஆணையோதான் குறை. இரண்டாவதாக, வட்டிக் கணக்கு இல்லாமல் நிலுவைச் சான்று ஒன்று கேட்டு எழுதுங்கள்: “58.8 லட்சத்துக்குச் சரக்கு பெறப்பட்டது, இவ்வளவு வழங்கப்பட்டது, இவ்வளவு நிலுவை.” பணம் தர அதிகாரமில்லாத அலுவலருக்கும் இந்தச் சான்று தருவதில் சங்கடம் இருக்காது. முதலீட்டாளருக்கு அது சந்தேகக் கடனை நல்ல கடனாக மாற்றிக் காட்டும். அதற்கும் அசைவில்லை என்றால் சட்டப் பிரிவுகளைக் குறிப்பிட்டு 15 நாள் அவகாசத்தோடு கடிதம். அதன் பிறகு, இந்தச் சட்டத்தின் கீழ் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றம். கோவையிலும் மண்டல மன்றம் இருக்கிறது. அங்கே தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், அதை எதிர்த்துப் போக எதிர்த்தரப்பு 75 சதவீதத் தொகையைக் கட்டவேண்டும். பல அலுவலர்களுக்கு மன்றத்தின் உத்தரவு ஒரு நிம்மதியும்கூட. தணிக்கையில், “ஏன் கொடுத்தாய்?” என்ற கேள்விக்கு அது பதிலாகிறது.

5 சதவீதம் கேட்பவரிடம் போகாதீர்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல்துறைக்கோ விசாரணை அமைப்புக்கோ தெரிவித்தால்தான் தப்பிக்க முடியும். 9-ஆம் பிரிவில், உங்களுக்காக வேலை செய்யும் இடைத்தரகர் கொடுத்தாலும் பொறுப்பு நிறுவனத்துக்கு. “லியசான் கட்டணம்” என்று பில் வாங்கிக்கொண்டால் போதும் என்று சொல்வார்கள். 38 லட்சம் வசூலான அதே வாரத்தில் 1.9 லட்சம் வெளியே போனது கணக்கில் நிற்கும். முதலீட்டாளர் கேட்கும் லஞ்ச எதிர்ப்பு உறுதிமொழிக்கு நீங்கள் தரும் கையெழுத்து பொய்யாகிவிடும்.

டேர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைத் தாள்) பேச்சு நீளும் முன் இந்த வாரமே ஆர்.டி.ஐ. மனுவை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாள் அதற்கே போய்விடும். நிதிக்குப் பயனாளி கேள்விகளையும் அதே நாளில் அனுப்பலாம். அந்தப் பதில் வராமல் வேறு எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம்.